மூன்று கும்பிடு

குத்தாலிங்கம் அண்ணாச்சியின் குற்றாலம் லாட்ஜில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது எண்பத்தேழாம் வருஷம். அதில் ஓடும் புரோகிராமை எழுதியவள் தென்காசி மங்களேஸ்வரி. அவள் அதை எழுதிய மொழியும் அவளே உண்டாக்கியதுதான். 'சாரல்' என்று பேர். சாரலில் எழுதியதை மெஷினுக்குப் புரிகிறமாதிரி மாற்றித் தரும் கம்பைலரையும் அவள்தான் செய்தாள்.

அவள் வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி ராமசேஷனுக்கு அதில் அரை நம்பிக்கை.

"சீசனுக்குள்ள அண்ணாச்சி தலையாட்டணும். இல்லேன்னா சாரலை மூட்டை கட்டிட்டு, எல்லாரும் எழுதுற பேசிக் மொழிலயே எழுதிடு" என்று சொல்லிவிட்டார்.

முதல் நாள் மெஷினைப் போட்டதும் திரையில் 'வாங்க குத்தாலிங்கம் அண்ணாச்சி' என்று வந்தது. மறுபடியும் வந்தது. அதற்குக் கீழே இன்னொன்றும் வந்தது.

மங்களத்துக்குக் காது சூடாகிவிட்டது. அறைக்கு, பில்லுக்கு, சாவிக்கு என்று தனித்தனிக் கோப்பு எழுதியிருந்தாள். ஒவ்வொன்றும் 'கொண்டுவா' என்று வரவேற்புக் கோப்பைக் கேட்டது. கேட்கக் கேட்க இந்தக் கம்பைலரும் சளைக்காமல் புதுசு புதுசாகக் கொண்டுவந்து நிறுத்த, வந்ததெல்லாம் கும்பிடு போட்டது.

அண்ணாச்சிக்கோ வாயெல்லாம் பல். மேனேஜரைக் கூப்பிட்டார்.

"வே சிவசைலம், இங்கன வாரும். மெஷினு மூணு தரம் கூப்பிடுது பாத்தீரா? நீரு என்னைக்காவது ஒரு தரம் எந்திச்சி நின்னிருக்கீரா?"

ராமசேஷன் அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், வாயைத் திறக்காதே என்று.

தென்காசி பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது. வரவேற்பு மூன்று தரம் வந்தால் சிரிப்போடு போகும். அறைக் கோப்பு மூன்று தரம் வந்தால்? ஒவ்வொரு தரமும் எல்லா அறையும் காலி என்றுதானே ஆரம்பிக்கும்? உள்ளே ஆள் குளித்துக்கொண்டிருக்க, வெளியே வேறொருத்தருக்குச் சாவி கொடுத்துவிடுவார்களே.

மறுநாள் உட்கார்ந்து கம்பைலரைத் திருத்தினாள். ஒரு தரம் கொண்டுவந்ததை யார் கேட்டாலும் அதையே காட்டு, திரும்பப் போய் எடுத்து வராதே என்று கட்டிப்போட்டாள்.

லாட்ஜில் மெஷினைப் போட்டார்கள். ஒரே ஒரு கும்பிடு.

அண்ணாச்சி முகம் சுருங்கிப்போனது. "என்ன பிள்ள, நேத்து மூணு சொல்லிச்சு. ஒரு ராத்திரில மரியாத கொறஞ்சிட்டோ?"

"பழையபடியே ஆக்கிடும்மா" என்று ராமசேஷன் காதுக்குள் சொன்னார்.

"மாட்டேன் சார்." மங்களம் அண்ணாச்சி பக்கம் திரும்பினாள். "பழையபடி ஆக்குனா, புது மாப்பிள பொண்ணு இருக்க ரூமுக்குள்ள வேற ஆள அனுப்பிரும் அண்ணாச்சி. பரவால்லயா?"

"ஐயய்யோ வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. ஆனாலும் கண் திரையை விட்டு நகரவில்லை.

பாவமாக இருந்தது அவளுக்கு. கும்பிடுதானே கேட்கிறார். வரவேற்புக் கோப்பைத் திறந்தாள். வந்ததும் தானாகக் கும்பிடுகிற வரியை எடுத்தாள். 'கும்பிடு' என்ற ஒரு வேலையை மட்டும் அது வெளியே கொடுக்கட்டும், வேண்டியவர் வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்ளட்டும் என்று மாற்றினாள்.

"இனிமே கோப்பு ஒண்ணுதான் வரும். கும்பிடு நீங்க சொல்லுத அளவுக்கு. எத்தன போடட்டும்?"

அண்ணாச்சி சிவசைலத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். "அஞ்சு போடு."

போட்டாள். ஐந்தும் வரிசையாக இறங்கின. ஒவ்வொன்றுக்கும் அண்ணாச்சி தலையாட்டினார்.

"அப்போ சாரலே இருக்கட்டுமா அண்ணாச்சி?"

"இருக்கட்டும் பிள்ள, இத யாரு மாத்தச் சொன்னா?" என்றவர் குரலைத் தணித்தார். "சுரண்டைச் சம்பந்தி வருதாரு நாளைக்கு. அவருக்கு ஒண்ணு போதும். மாப்பிள கூட வந்தா மட்டும் ரெண்டாக்கிரு. அப்படி எழுத முடியும்லா?"