பெண்கள் பக்கத்துக் கமரா

நௌபர் இரண்டு கமராக்களையும் மேசையில் அருகருகே வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்துகொண்டான்.

"இதா, அதா? இண்டைக்கு எனக்கு ஒரு முடிவு தெரியோணும்."

ரிஸ்னா இரண்டையும் தொடவில்லை. வலப்பக்கம் இருந்தது அவளுடைய காக்கா, அண்ணன் நௌபர், கொழும்பிலிருந்து இறக்கிய புது டி.எஸ்.எல்.ஆர். கன்னங்கரேலென்று, நீண்ட லென்ஸோடு, மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. இடப்பக்கம் அவளுடைய சின்னக் கமரா. கைப்பையின் பக்கப் பைக்குள் அடங்கிவிடும். ஓரங்களில் வெள்ளிப்பூச்சு உரிந்துபோயிருந்தது.

வாப்பா மௌத்தாகி, அவர் இல்லாமல்போன பிறகு உள்துறைமுக வீதியில் இருந்த ஸ்டூடியோவை நௌபர்தான் நடத்தினான். கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கத்துக் கலியாண வீடுகளில் ஆண்கள் பக்கத்தை அவன் எடுப்பான். பெண்கள் பக்கம் தங்கச்சி ரிஸ்னாவுக்கு. அங்கே ஆண் கமராக்காரன் கால் வைக்க ஏலாது. முக்காடு இல்லாமல், தலையில் பூவும் கழுத்தில் நகையுமாக இருக்கிற பெண்கள் அவள் முன்னால் மட்டும்தான் சிரிப்பார்கள். எடுத்த படங்களை அவளே பிரதி பண்ணிப் பெண்ணின் உம்மா கையில் கொடுத்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே மெமரி காட்டைத் துடைத்துவிடுவாள். அந்த ஒரு காரணத்துக்காகவே அவளைத் தேடி வந்தார்கள்.

"சவர்க்காரக் கட்டியத் தூக்கிக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போறாய்," என்றான் நௌபர், சோப்பளவே இருந்த சின்னக் கமராவைக் காட்டி. "மூதூர்க் கலியாணத்துப் படம் எப்பிடி வந்திச்சு? மொகமெல்லாம் சுண்ணாம்பாம், பின்னால ஒரே இருட்டாம். பொண்ணுட காக்கா இந்தக் கதிரையில இருந்துதான் என்னக் கிழிச்சவன். ஆக்கள் பாத்துக்கொண்டு நிண்டவங்க."

அன்றைக்கு மின்சாரம் போய், ஜெனரேட்டர் வெளிச்சத்தில் சின்னக் கமரா தடுமாறியது உண்மை. அவனுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்மை. அவளுக்குப் பெரிய கமராமேல் ஆசை. கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் அவனுடைய பழைய பெரிய கமராவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவாள். ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரிந்து, சுவரொட்டிக் காகிதத்தைச் சப்பிக்கொண்டு நிற்கும் மான்களை எடுப்பாள், படங்களை அழிப்பாள், திரும்ப எடுப்பாள். வெளிச்சத்தை எப்படிக் குறைப்பது, பின்னணியை எப்படிக் கரைப்பது என்பதெல்லாம் அப்படித்தான் கைக்கு வந்தது.

"பெரிசால எடுக்கன்," என்றாள். "ஆனா காட் எண்ட கையிலதான் இரிக்கோணும்."

"ஒனக்கு எடிட் பண்ணத் தெரியுமா? நம்மட கடையில இரிக்கிற அபூதாஹிர்ட்ட குடுத்தா வடிவாச் செஞ்சு தருவான்."

"அபூதாஹிர் ஆம்புள."

"கொம்பியூட்டருக்கு முன்னால அவன் வேலக்காரன். அவ்வளவுதான்."

"படத்தில இரிக்கிற புள்ளைக்கு அவன் ஆம்புளதானே, காக்கா. போன வருசம் மருதாணிக் கைப் படத்தக் கொண்டுபோய் ஸ்டூடியோட இன்டர்நெட் பக்கத்தில போட்டீங்க. மோதிரத்தப் பாத்தே ஊர் புள்ளயக் கண்டுபிடிச்சிட்டுது."

"நான் கைதானே போட்ட! மொகத்தையா போட்ட?" நௌபர் மேசையில் அடித்தான். சின்னக் கமரா துள்ளிச் சரிந்தது. "ஒண்ட புடிவாதத்துக்கு நான் பொழைப்ப விடவா? வெள்ளிக்கிழமை கிண்ணியாக் கலியாணம். அந்தச் சாமானோட நீ போனியெண்டா இந்தக் கடைப் படியில மறுகா கால் வைக்காத."

ரிஸ்னா சரிந்த கமராவை நிமிர்த்தி வைத்தாள். பிறகு அவனே இறங்கி வந்தான், அல்லது வந்ததுபோல் காட்டினான்.

"சரி. காட் ஒண்ட கையிலதான். போதுமா?"

"சத்தியமா?"

"ஓம் எண்டு சொல்றன்தானே!"

வெள்ளிக்கிழமை காலை அவளுடைய நீலக் காட்டை வாங்கி, தானே கமராவுக்குள் போட்டு மூடினான். "மூடி இறுக்கமா இரிக்கு. நீ இழுத்து உடைச்சுப்போடுவாய்," என்றான். ரிஸ்னா சின்னக் கமராவையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அவன் அதைக் கண்டும் காணாதவன்போல ஓட்டோவில் ஏறினான். ஓட்டோ கிண்ணியாப் பாலத்தைக் கடந்து கலியாண மண்டபத்துக்குப் போனது.

மண்டபத்தில் பெண்கள் பக்கம் தடித்த திரையால் மறைத்திருந்தது. மணப்பெண் ரபீக்கா பின்னறையில் அலங்காரத்தில் இருந்தாள். ஆசிரியப் பயிற்சி முடித்தவள், வாய் கொஞ்சம் நீளம். "மூதூரில எடுத்ததுபோல எண்ட மொகத்துக்கும் சுண்ணாம்பு அடிச்சிடாதீங்க, ராத்தா," என்று வந்ததும் வராததுமாகக் குத்தினாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுடைய உம்மா, ஆமினா உம்மா, சிரிக்கவில்லை. கமராவைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

"இதென்ன, பீரங்கி மாதிரி? முந்தி வேற ஒண்டு வச்சிருந்தாய்தானே?"

"அதவிட இது நல்லம் மாமி. காட் எண்டது. முடிஞ்சதும் ஒங்கட கையில தருவன்."

எடுக்கத் தொடங்கியதும் ரிஸ்னாவுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. அந்த மங்கலான அறையில் கமரா கண்ணைப்போலப் பார்த்தது. கண்ணாடி முன்னால் ரபீக்கா தோடு போடுகிறபோது கழுத்தோரத்தில் விழுந்த வெளிச்சம், அவளது சிறிய தாயின் ஈரக்கண், தட்டில் அடுக்கிய வெற்றிலையின் பச்சை எல்லாம் அப்படியப்படியே வந்து விழுந்தன. இத்தனை வருசமும் எதற்காக இதை வேண்டாமென்றோம் என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

கூந்தலைப் பின்னுவதற்கு விரித்துப் போட்டிருந்த நேரம் ரபீக்கா திரும்பிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். ரிஸ்னா தட்டிவிட்டாள். நல்ல படம். ஆனால் கமராத் திரையில் அதைப் பார்த்ததும் ரபீக்காவின் முகம் மாறியது.

"இது வேணா. மாப்பிள வீட்டில அல்பம் கை மாறும். அழிங்க."

ரிஸ்னா அழித்தாள். அழிந்துவிட்டதா என்று ரபீக்கா கழுத்தை நீட்டினாள். காட்டுவதற்காக ரிஸ்னா பொத்தானை அழுத்தினாள். அதே படம் திரும்பவும் வந்து நின்றது. விரித்த கூந்தல், திறந்த வாய், சிரிப்பு. மூலையில் மட்டும் முன்பு இல்லாத ஒரு சின்ன இலக்கம். இரண்டு.

ரிஸ்னா கமராவைப் பக்கவாட்டில் திருப்பினாள். காட் போடுகிற மூடியைத் திறந்தாள். அதில் இறுக்கம் ஒன்றுமில்லை, தொட்டதும் திறந்துகொண்டது. உள்ளே அவளுடைய நீலக் காட். அதற்குக் கீழே இன்னொரு துவாரம். அதில் கறுப்பு நிறத்தில் ஒன்று குந்திக்கொண்டிருந்தது. காலையிலிருந்து எடுத்த ஒவ்வொரு படமும் இரண்டிலும் விழுந்திருந்தது.

சத்தமில்லாமல் கறுப்புக் காட்டை உருவிக் கைப்பைக்குள் போட்டுவிட்டுத் தொடர்ந்து எடுத்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்த எண்ணம் வரத்தான் செய்தது. ஆனால் ரபீக்கா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ராத்தா?"

"இதுக்குள்ள ரெண்டு காட் இரிக்கு. ஒண்டு எண்டது. மத்தது நான் போட்டதில்ல."

தலையில் முக்காடு இல்லாத பெண்கள் ஒவ்வொருவராய்ச் சீலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பார்க்கக் கூடாத ஒருவன் அறைக்குள் வந்துவிட்டதுபோல.

ஆமினா உம்மா எழும்பி வந்தார்.

"அப்ப ஆரு போட்ட?"

ரிஸ்னாவின் கண் ஆண்கள் பக்கத்துத் திரைக்குப் போனது. பெயர் சொல்லத் தேவைப்படவில்லை.

"காக்காவும் தங்கச்சியும் சேந்து ஆடுற ஆட்டமா?" ஆமினா உம்மாவின் குரல் திரைக்கு அப்பாலும் போனது. "காட் எண்டது, ஒங்கட கையில தருவன் எண்டு எண்ட மொகத்தப் பாத்துச் சொன்னியே! எண்ட குமருப் புள்ளட தலமயிரக் கடையில வச்சுப் பாக்கவா வந்தீங்க? பையக் கொட்டு!"

"மாமி, நான்..."

"கொட்டு எண்டு சொன்ன!"

யாரோ கைப்பையைப் பிடுங்கிப் பாயில் கவிழ்த்தார்கள். சீப்பு, மாத்திரைக் குளிசைப் பட்டை, சின்னக் கமரா, போன் எல்லாம் உருண்டன. "இன்னொரு கமரா! பாத்தீங்களா?" என்று ஒருத்தி கத்தினாள். ரிஸ்னா குனிந்து பொறுக்கப் போனாள். ஒரு கால் போனைத் தள்ளிவிட்டது. தெரியாமல் பட்ட கால் இல்லை அது.

ஆமினா உம்மா கறுப்புக் காட்டை வாங்கினார். வெற்றிலைத் தட்டிலிருந்த பாக்குவெட்டியை எடுத்தார். காட்டை அதன் வாய்க்குள் வைத்து, பாக்குச் சீவுகிற மாதிரி அழுத்தினார். டக்கென்று இரண்டாய்த் தெறித்தது. நீலக் காட்டுக்கும் கையை நீட்டினார்.

"உம்மா, விடுங்க!" என்றாள் ரபீக்கா. பின்னல் பாதியில் தொங்க எழும்பி நின்றாள். "அதையும் வெட்டினா எனக்கு என்ன மிஞ்சும்? அது எண்ட கையில இரிக்கட்டும்." ரிஸ்னாவின் பக்கம் திரும்பினாள். முகத்தில் அன்பு ஒன்றும் இல்லை. "படம் எனக்கு வேணும். இவ்வளவு நேரம் இதாலதானே வடிவா வந்திச்சு? இதாலயே எடுங்க. காட்டக் கழட்டி முடிவில எனக்குத் தாங்க. ஆனா ஒங்கள நம்பிட்டன் எண்டு மட்டும் நினைக்காதீங்க."

அதற்கும் வழி இருக்கவில்லை. சத்தம் ஆண்கள் பக்கம் போய்விட்டது. திரைக்கு வெளியே நௌபரின் குரல் கேட்டது.

"ரிஸ்னா! கமராவக் கொண்டு வா! எண்ட காட்ட வெட்டிப்போட்டு எண்ட கமராவால எடுக்கப் போறீங்களா?"

ஆமினா உம்மா திரையை விலக்காமலே பதில் கொடுத்தார். "பொம்புளையள் இரிக்கிற எடத்தில வந்து கத்துற ஆம்புளைக்கு வெக்கமில்ல. எடுத்துக்கொண்டு போ ஒண்ட சாமான!"

ரிஸ்னா நீலக் காட்டைக் கழற்றி ரபீக்காவிடம் கொடுத்தாள். கமராவைக் கொண்டுபோய்த் திரைக்குக் கீழால் நீட்டினாள். அந்தப் பக்கத்துக் கை அதை வெடுக்கென்று பறித்தது.

"இப்ப அந்தச் சவர்க்காரக் கட்டியால எடு, பாப்பம்."

அவள் எடுத்தாள். அறை இருட்டில் சின்னக் கமரா உதவாது என்று தெரிந்து, ரபீக்காவைப் பின்புறத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். அங்கே பலர் ஒரே தட்டைச் சுற்றியிருந்து உண்ணும் சஹன் சாப்பாட்டுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்த பெண்கள் மட்டும். உயர்ந்த மதிலுக்கு மேலால் கடல்வெளிச்சம் இறங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை. "இப்பிடித் திரும்புங்க" என்றால் திரும்பினார்கள். அவ்வளவுதான். ஆமினா உம்மா அவளுக்குப் பின்னாலேயே நின்று ஒவ்வொரு படத்தையும் எட்டிப் பார்த்தார். முடிந்ததும் அந்தக் கமராவின் காட்டையும் வாங்கிக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போ என்று ஒருவரும் சொல்லவில்லை.

வாசலில் நௌபர் ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்றான்.

"ஊர் முழுக்க எண்ட மானத்த வாங்கிட்டாய். திருப்தியா?"

"ஏன் போட்டீங்க அத?"

"காட் ஒண்டு பழுதாப் போனா மத்ததில இரிக்கும். ஒலகத்தில எல்லாக் கமராக்காரனும் செய்யிறதுதான். கலியாணத்த ரெண்டாம் தரம் எடுக்க ஏலுமா?"

அது பொய்யில்லை. அவளுக்கும் தெரியும். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டன்."

"பாத்தியா? அதான்."

"அதான் எண்டா?" ரிஸ்னாவின் குரல் உயர்ந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "நான் வேணா எண்டு சொல்லுவன் எண்டு தெரிஞ்சுதான் எண்ட கையாலயே செய்ய வச்சீங்க. களவு எடுக்கிறவனாவது தன்ட கையால எடுப்பான்."

நௌபர் கையை ஓங்கினான். அடிக்கவில்லை. ஆட்கள் பார்க்கிறார்களே என்றுதான் அடிக்கவில்லை. அதை இருவரும் அறிந்தார்கள். ஓட்டோவில் தனியாக ஏறிப் போனான். ரிஸ்னா பாலத்தடி வரைக்கும் நடந்து பஸ் எடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. அவனும் வரச் சொல்லவில்லை. "ஒரே வயித்தில பொறந்ததுகள்," என்று உம்மா ஸுல்பிகா அங்கும் இங்கும் நடந்து பார்த்தார். மன்னிப்புக் கேட்கச் சொல் என்று மகன் மகளைக் காட்டினான், மகள் மகனைக் காட்டினாள். கிண்ணியாவில் ஆமினா உம்மா போகிற இடமெல்லாம் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதையில் ரிஸ்னாவும் களவாளியானாள். பேசி வைத்திருந்த இரண்டு கலியாண வீடுகள் வேண்டாமென்று சொல்லிவிட்டன. நௌபரும் பெண்கள் பக்கத்துக்கு வேறொரு பெண்ணைப் பிடித்தான். ஒரு வீட்டிலும் அந்தப் பெண்ணை உள்ளே விடவில்லை.

ஒருநாள் ரபீக்கா ரிஸ்னாவுக்குப் போன் எடுத்தாள்.

"படம் பாத்தன். பின்னுக்கு மதிலடியில எடுத்தது கொஞ்சம் பரவாயில்ல. மத்ததெல்லாம் சரியில்ல."

"தெரியும்."

"பெரிசால எடுத்தது இரிக்கே, தோடு போடுறது, அதத்தான் பெருப்பிச்சு அறையில மாட்டியிரிக்கன். உம்மாக்குப் புடிக்கல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "இறக்கக்கண்டியில எண்ட மச்சிக்குக் கலியாணம் வருது. ஒங்களக் கூப்பிடட்டாம். நான்தான் சொன்ன, களவ மறைக்காத ஆள் எண்டு. ஆனா அந்தச் சின்னதோட வாறதெண்டா வராதீங்க."

ரிஸ்னா தன் தங்கக் காப்பை விற்று, யாரோ பாவித்துப் பழசாகிய டி.எஸ்.எல்.ஆர். ஒன்று வாங்கினாள். ஒரேயொரு காட் மட்டும் போடுகிற மொடல்தான் வேணும் என்று கடைக்காரனைப் படாதபாடு படுத்தினாள். ரெண்டு போடுறது நல்லதுதானே என்று அவன் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. தோளில் மாட்டிக்கொண்டு உள்துறைமுக வீதியால் வந்தபோது நௌபர் ஸ்டூடியோப் படியில் நின்றான். முதலில் கமராவைப் பார்த்தான். பிறகுதான் அவளைப் பார்த்தான்.

"அது எந்தக் காலத்து மொடல்," என்றான். "லென்ஸில பூஞ்சணம் பிடிச்சிரிக்கும்."

"பிடிச்சா நான் துடைப்பன்," என்றாள் ரிஸ்னா, நடையை நிறுத்தாமல்.

அவர்கள் கடைசியாகக் கதைத்தது அதுதான்.