வெயில் யார் கண்ணில்

ஓஸ்வால்டுக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஜீப் பைத்தியம் பிடித்தது. பொம்மசந்திரா தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர் வேலை, ஞாயிறு காலை சர்ச்சில் பூசை, பிறகு தூக்கம் என்று கிடந்த மனிதர், ஒருநாள் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்றைக் கொண்டுவந்து அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிறுத்தினார். மனைவி குளோரியா திட்டுவாள் என்று நினைத்தார். அவளோ ஏறி உட்கார்ந்து, "எப்போ போறோம்?" என்றாள்.

மகன் கனடா போன பிறகு அந்த வீட்டில் பேச்சே வற்றிப்போயிருந்தது. ஜீப் வந்துதான் அவர்களைத் திரும்பப் பேச வைத்தது.

சனிக்கிழமைதோறும் ஊருக்கு வெளியே ஜீப் ஓட்டும் குழு ஒன்றில் இருவரும் சேர்ந்தார்கள். தலைவர் சாய்கிருஷ்ணா முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். மண்ணில் இறங்குமுன் டயர் காற்றைக் குறைக்க வேண்டும். தனியாகப் போகக் கூடாது. கஷ்டமான இடத்தில் கூட வந்தவர் இறங்கி முன்னால் நின்று கை காட்ட வேண்டும்.

"ஒரு வண்டிக்கு ஒருத்தர் கைதான் சார். அந்த ஏசுவே பக்கத்துல நின்னு கை காட்டினாலும் பாக்காதீங்க."

அந்த வேலையைக் குளோரியா எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூட டீச்சர் அல்லவா, எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். தினமும் சாயங்காலம் பார்க்கிங்கில் பக்கெட்டுகளைக் கவிழ்த்து வைத்து, கை காட்டியே அவரை நடுவில் ஓட்டவைத்தாள். வாட்ச்மேன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஓஸ்வால்டும் சிரித்தார். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு சிரித்ததில்லை.

முதல் பயணம் ஆனேக்கல் தாண்டி, கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிக்கு. ஏழு ஜீப்கள். சரிவில் இறங்கும் வழியின் குறுக்கே ஆழமான பள்ளம். மற்ற வண்டிகளுக்கெல்லாம் ஆண்கள் கை காட்டினார்கள். ஓஸ்வால்டின் முறை வந்தது. காலை வெயில் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கீழே எதிரே நின்ற குளோரியாதான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கை காட்டினாள்.

"ஏன் சார், வீட்லயும் மேடம் கைதானா?" என்று பின்னாலிருந்து யாரோ ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். ஓஸ்வால்டுக்குக் காது சுட்டது.

குளோரியா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நிறுத்தச் சொன்னாள். ஓரமாக நின்ற டேரில் என்ற குழு ஆள், முன்பே தன் ஜீப்பை இறக்கிவிட்டவன், "வாங்க சார், வாங்க!" என்று கையை ஆட்டினான். ஓஸ்வால்ட் பார்வையை டேரில் பக்கம் திருப்பி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

இடது சக்கரம் பள்ளத்தில் விழுந்தது. ஜீப் சாய்ந்து, குளோரியாவை நோக்கிச் சறுக்கியது. அவள் தாவி விலகிக் கல்லில் விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் நிறுத்தச் சொன்னதப் பாத்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சிரிச்சாங்க, எனக்கு வெட்கமாப் போச்சு, மன்னிச்சிடு என்று சொல்லியிருந்தால் திட்டித் தீர்த்து மன்னித்திருப்பாள். அவளை அவருக்குத் தெரியாதா?

"பாக்கல குளோரி. வெயில் கண்ல அடிச்சுது."

அவள் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கட்டுப் பிரித்த பிறகும் அவள் அந்த ஜீப்பில் ஏறவில்லை. கூப்பிட்டால் நோட்டு திருத்த வேண்டும் என்பாள். வீட்டில் மறுபடி டிவி மட்டும் பேசியது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் மண்டியிடும்போது நினைப்பார். எழுந்தால் தைரியம் போய்விடும்.

ஐந்து மாதம் கழித்து அதே குவாரிக்குக் குழு போனது. ஓஸ்வால்ட் தனியாகத்தான் போனார். அங்கே உஷா என்ற புதுப் பெண்ணின் ஜீப்பிலிருந்து குளோரியா இறங்கினாள். அவள் வருவது அவருக்குத் தெரியாது. அவள் பள்ளத்துக்குக் கீழே போய் நின்று கை காட்டினாள். உஷாவின் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை. ஒரு கல்கூட உருளாமல் ஜீப் இறங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஓஸ்வால்ட் எல்லார் முன்னாலும் இறங்கி அவளிடம் ஓடினார்.

"குளோரி, எனக்கும் நீயே காட்டேன்."

கோபமே இல்லாமல்தான் அவள் சொன்னாள்.

"வேணாங்க. உங்களுக்கு வெயில் கண்ல அடிக்கும்."

பிறகு உஷாவின் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். டேரில்தான் ஓஸ்வால்டுக்குக் கை காட்டினான். ஒரு கீறல் இல்லாமல் இறங்கினார். அன்றும் வெயில் அவருடைய முதுகில்தான் அடித்தது.