முந்தின பிறவித் தாய்

தூக்கத்தில் குழந்தை சிரித்தால், போன பிறவியில் பெற்ற தாய் வந்து கொஞ்சுகிறாள் என்பார்கள் கம்போடியாவின் டோன்லே சாப் ஏரிக்கரையில். சிணுங்கினால், கூட்டிப்போகப் பார்க்கிறாள். "போடி, இது எங்க புள்ள!" என்று ஓர் அதட்டு அதட்டி, நாலு வாழைப்பழமும் ஊதுபத்தியும் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

அதனால்தான் பிள்ளை பெற்ற பத்தாம் நாள் கொலாப், "இவனோட பழைய அம்மா வந்து கேக்குறா. குடுத்துடவா?" என்றபோது யாருக்கும் திக்கென்று இருக்கவில்லை. கணவன் வுத்தி சந்தைக்கு ஓடிப் பழம் வாங்கி வந்தான். ஐந்து நாளாக அவள் கண் மூடவில்லை என்பது அந்தப் புத்திசாலிக்குத் தெரியவில்லை. ஊரே பேசும் பேச்சைத்தான் அவளும் பேசினாள். அவளுக்கு மட்டும் பதில் காதில் விழுந்தது என்று யார் கண்டார்கள்?

மறுநாள் காலை, பிள்ளையை ஒப்படைக்க இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டாள். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த நாத்தனார் ரும்டுல் பாய்ந்துபோய்ப் பிடுங்கினாள்.

இரண்டு மாதம் ஆஸ்பத்திரி, மாத்திரை. காதில் கேட்ட குரல் நின்றது, பாலும் வற்றியது. வீடு திரும்பி மூன்று வாரமாகியும் பிள்ளை ரும்டுலின் தோளிலேயே இருந்தான். கொலாப் எழுந்தால் கூடவே யாராவது எழுந்தார்கள். தட்டு நிறையச் சோறு மட்டும் வந்தது. இப்படியே போனால் மகனுக்குத் தான் யாரோ ஒருத்தியாகிவிடுவோம் என்று பயந்தாள். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அவனைப் பார்த்தால் அவளுக்குள் எதுவும் பொங்கவில்லை, வெட்கத்தைத் தவிர.

அன்று ரும்டுல் புட்டிப்பால் கலக்கும்போது வாய்விட்டுக் கேட்டாள். "அண்ணி, இன்னிக்கு நான் குடுக்கட்டுமா?"

ரும்டுல் அவள் முகத்தையே பார்த்தாள். "அவ இப்பவும் வர்றாளா?"

இதுவரை வீட்டில் யாரும் கேட்காத கேள்வி.

"இல்ல. வந்தா மொதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன். அப்பப் பழம் வாங்க ஓடாதீங்க அண்ணி. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

ரும்டுலுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாங்கதாண்டி முட்டாளுங்க. படைச்ச பழத்த நானும்தானே உக்காந்து தின்னேன்."

மடியில் வைத்ததும் பிள்ளை வீல் என்று அலறினான்.

"இவனுக்கு என்னைத் தெரியல அண்ணி."

"உனக்கு மட்டும் அவனைத் தெரியுதாக்கும்! ரெண்டு பேரும் பழகுங்க."

"எனக்கு அவன்மேல ஒண்ணுமே தோணலயே."

"தோணுறப்பத் தோணட்டும். பசிக்கிறவனுக்கு அதெல்லாம் தெரியாது. தலையக் கொஞ்சம் தூக்கிப் பிடி."

அவன் அழுகை நிற்கவில்லை. கொலாப் புட்டியை மறுபடி அவன் உதட்டில் வைத்தாள். ரும்டுல் எழுந்து அடுப்புப் பக்கம் போனாள். அவர்களுக்கு முதுகைத் திருப்பி உட்கார்ந்து, எலுமிச்சைப்புல்லை அரியத் தொடங்கினாள். கொலாப் திரும்பி வந்த நாளிலிருந்து, அவளும் பிள்ளையும் இருக்கிற பக்கமிருந்து அந்த வீட்டில் ஒருவர் கண்ணை எடுத்தது அதுதான் முதல் தடவை.