தோள் கொடுக்காதவர்

பவுனம்மாள் அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது செல்லையா மாடிப்படி ஏறி வந்தான். ரங்கூன் துறைமுகத்தில், போட்டாதாங் படகுத்துறையில், சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டுகிறவன். வேலையிலிருந்து நேராக வந்ததால் கைலியெல்லாம் மசகு.

“வழிவிடுங்க, ராஜா வாராரு. யானையைக் கீழ கட்டியிருக்கு” என்றாள் பக்கத்து வீட்டு ஜெயம்மா. இரண்டு பேர் சிரித்துவிட்டு, பிணத்தைப் பார்த்து அடங்கினார்கள்.

அப்பா நாகரத்தினம் பிள்ளை செவ்வந்தியூர் ஜமீனில் காரியஸ்தராக இருந்தவர். வாரிசுச் சண்டையில் மூத்த கிளைக்காக ஆள் திரட்டினார், கோர்ட்டுக்கு அலைந்தார், தோற்றார். ஜெயித்த இளைய கிளை கூப்பிட்டுக் கொடுத்த பதவியைத் தொடவில்லை. மூத்த கிளையில் மிஞ்சிய கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டார். அந்தக் குழந்தைதான் செல்லையா. ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் இந்த ஒற்றை அறையில்தான் அவனும் பவுனம்மாளும் வளர்ந்தார்கள். அவன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவளுக்குச் சோறு. அவன் உள்ளே வந்தால் அப்பா எழுந்து நிற்பார். காய்ச்சலில் கிடந்தபோதும் எழப் பார்த்தார்.

செல்லையா துண்டை இடுப்பில் கட்டினான். “கொள்ளி நான் வைக்கிறேன் பவுனு. அவருக்கு வேற புள்ள யாரு?”

“வேணாண்ணே. எம் புருஷன் வைப்பாரு.”

“என்னை வளத்தவருடி!”

“ஜமீன்தாரு பட்டு அங்கவஸ்திரத்தப் போட்டுட்டு உக்காந்துரணுமாம். பாடையத் தொடக் கூடாதாம். துரை தோள் குடுத்தா என் பொழப்பே பொய்யாயிரும்னு அப்பா என் கையப் புடிச்சுச் சொன்னாரு.”

“ஜமீனே இல்ல. என்ன மயித்துக்குத் துரை?”

“அத அவரு உசுரோட இருக்கையில கேட்டிருக்கணும்.”

அவள் பெட்டியிலிருந்து பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்துக் கொடுத்தாள். அப்பாவே வாங்கி வைத்திருந்தது. ஜமீன்தார் குனியக் கூடாது என்பது முறை. நிமிர்ந்து நின்றே போட்டான். பட்டு ஒரு பக்கமாகச் சரிந்தது. போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

பாடையைத் தூக்கினார்கள். குறுகலான படி. திருப்பத்தில் மாட்டிக்கொண்டது.

“தலைமாட்டுக்கு ஒரு ஆள் வாங்கப்பா, சரியுது!” கொள்ளிச் சட்டியோடு கீழே நின்ற அவள் புருஷன் கத்தினான்.

தூக்கியவர்கள் போக மேலே ஆண்பிள்ளை என்று செல்லையா ஒருவன்தான். பாதி எழுந்துவிட்டான்.

“உக்காருங்க துரை” என்றாள் பவுனம்மாள்.

உட்கார்ந்தான்.

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள். பச்சை மூங்கில் தோளில் அழுந்தியது.