நத்தார் பெட்டிகள்

கேக் வரைக்கும் சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும். கேக் பொய்யில்லை. முந்திரியும் திராட்சையும் நிறையப் போட்டு, மேலே வெள்ளையாகச் சீனி பூசி, வாயில் வைத்தால் இலேசாகப் பிராண்டி மணக்கும் கேக். அதைத் தின்றேன். அது வரைக்கும் யார் முகத்தைப் பார்த்தும் சொல்லலாம். அதற்கு மேலே ஒரு வார்த்தை போகக் கூடாது.

சுதர்ஷினி இப்படி மனசுக்குள் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் காம்பரா வீட்டு வீரம்மா இஸ்தோப்புத் திண்ணையில் ஏறி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னாடி கொழும்புக்காரி, வந்து ரெண்டு நாளாச்சு. இன்னும் கதைய அவுத்துவிடல."

"அதே கதைதான் அத்த."

"அதே கதையவே சொல்லு. டிவியில ஒரே படத்த எத்தன தடவ போடுறான், பாக்கலயா?"

ஞாயிற்றுக்கிழமை. நோர்வூட்டுக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அன்றைக்கு யாருக்கும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் வேலை இல்லை. நடு லயத்து வரிசை வீடுகளின் இஸ்தோப்புகளில் துணி காய்ந்தது. பனிமூட்டம் தேயிலைப் பெக்டரிக் கூரை வரைக்கும் இறங்கி வந்து, ஏதோ மறந்துவிட்டதைப்போல் மறுபடி ஏறிப்போனது.

கொழும்பில் கௌசி மேடம் வீட்டில் சுதர்ஷினிக்குப் பிள்ளை பார்க்கும் வேலை. மூன்று வருசம் முடிந்துவிட்டது. நத்தார் என்கிற கிறிஸ்துமஸுக்கு லீவு கிடையாது. விருந்தும் விருந்தாளியுமாக இருக்கும் அந்த நாட்களில்தான் வீட்டில் ஆள் வேண்டும். எப்போதும் தைப்பொங்கலுக்குத்தான் அனுப்புவார்கள். வரப்போகும் தையில் மேடத்துக்கு இரண்டாவது பிள்ளை பிறக்க இருந்ததால், கார்த்திகை விளக்கோடு சேர்த்து ஐந்து நாள் லீவை முன்னாலேயே கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் அவள் கேக் வந்த அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவருவாள். தங்க எழுத்துப் போட்ட சிவப்புப் பெட்டி, நட்சத்திரம் வெட்டிய பச்சைப் பெட்டி, நாடா கட்டிய வெள்ளைப் பெட்டி. காம்பராவுக்குள் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன. சிவப்பில் அம்மா வேலாயி அடையாள அட்டையும் தோட்டத்துக் காகிதங்களும் வைத்திருந்தாள். பச்சையில் கற்பூரம். வெள்ளை, தங்கச்சி சர்மிளாவின் வளையலுக்கு. பார்க்க வருகிறவர்கள் பெட்டியைத் தொட்டு, "இது எந்த ஓட்டல்?" என்று கேட்பார்கள். சுதர்ஷினி பெயரைச் சொல்வாள். அந்தப் பெயர்களும் பொய்யில்லை. பெட்டியிலேயே எழுதியிருந்தன.

"அக்கா சுருக்கிரும். நான் சொல்றேன்," என்று சர்மிளா வாசற்படியில் வந்து நின்றாள். பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதி, நினைத்த பெறுபேறு வராமல், ஆறு மாதமாக வீட்டில் இருந்தாள். தையில் கொழுந்து பறிக்கத் தோட்டத்தில் பேர் பதிவதாகப் பேச்சு.

"மொதல்ல அந்த அஞ்சு மாடிக் கட. வாசல்லயே மரம், நம்ம பெக்டரி ஒசரத்துக்கு. மேலருந்து பனி கொட்டும். நெசப் பனியில்ல அத்த, சோப்பு நொர. அங்கருந்து ஓட்டலு. இஞ்சி பிஸ்கட்டுலயே வீடு கட்டி வெச்சிருப்பாங்க, ஆளு உள்ள போயி நிக்கலாம். அக்கா உள்ள போயி, யாரும் பாக்காதப்ப ஜன்னல் ஓரத்துல ஒரு துண்டப் பிச்சுத் தின்னுச்சு. அப்பறம் காலிமுகத்திடல். கடல் பக்கம் நின்னு சுடச்சுட எறா வட. அதுக்கப்பறம் பேர வாவியில வெளக்கு போட்ட படகு..."

வீரம்மா கண்ணை மூடி, தலையை ஆட்டிக் கேட்டாள். பிஸ்கட்டைப் பிய்த்ததாகச் சுதர்ஷினி சொன்னாளா? ஞாபகம் இல்லை. சர்மிளா சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம். தன் வாயிலிருந்து போன கதை தங்கச்சி வாயில் சதை பிடித்து, அவளைவிட நன்றாக வளர்ந்திருந்தது.

"ஒன் போன்ல இருக்குற படமெல்லாம் பாத்தேன்டி," என்றாள் வீரம்மா. "எல்லாத்துலயும் அந்த மேடம் புள்ளதான் பல்லக் காட்டிக்கிட்டு நிக்குது. ஒன்னய ஒண்ணுலயும் காணோமே."

"அக்காதான புடிச்சுச்சு. படம் புடிக்கிற ஆளு படத்துல எப்புடி இருக்கும்?" சர்மிளா உடனே சொன்னாள்.

அந்தப் பதிலும் சுதர்ஷினி முதல் பொங்கல் லீவில் சொல்லிக்கொடுத்ததுதான்.

"நான் பதினோரு எடம் எழுதி வெச்சிருக்கேன்," என்று சர்மிளா ஒரு கொப்பியை விரித்தாள். ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டு, சாப்பிட என்ன, பார்க்க என்ன என்று தனித்தனியாக எழுதியிருந்தாள். "இருபத்தஞ்சாந் தேதிக்குள்ள ஒரு நாளைக்கு ஒண்ணுன்னாலும் முடிச்சிரலாம்ல அக்கா?"

"யாரு முடிக்கிறது?"

வேலாயி தேத்தண்ணிக் கோப்பைகளோடு வந்தாள். மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "போன கெழம மேடம் எனக்குப் போன்ல பேசுனாங்க. ரெண்டாவது புள்ளைக்கும் ஆளு வேணுமாம். வெளி ஆள நம்ப முடியல, ஒங்க சின்ன மகள அனுப்புங்கன்னாங்க. புதன்கெழம ஒங்கூடயே போகட்டும். பேக்கு வாங்கியாச்சு."

"எங்கிட்ட சொல்லலயே."

"ஒனக்குச் சந்தோசமா இருக்கும்னு நெனச்சோம்."

வீரம்மா கோப்பையை ஊதினாள். "ஒரு வீட்டுல ரெண்டு கொழும்புக்காரி. அடுத்த வருசம் பெட்டி வைக்க எடமில்லாமப் போயிரும் வேலாயி."

சுதர்ஷினி வாளியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் தண்ணீர் விழும் பிலிக்குப் போனாள். சர்மிளா கொப்பியோடு பின்னாலேயே வந்தாள். எதிர்பார்த்ததுதான்.

பிலித் தண்ணீர் வாளியில் விழும் சத்தத்தில் பேசுவது கொஞ்சம் எளிதாக இருந்தது.

"அந்தப் படம் ஒண்ணும் நான் புடிச்சதில்ல."

"பின்ன?"

"மேடம் ஸ்டேட்டஸ்ல போடுறது. நான் எடுத்து வெச்சுக்குவேன்."

"ஓட்டலுக்கு நீ போகல?"

"ஒரு தடவ போனேன். போற வழியிலயே புள்ள தூங்கிருச்சு. புள்ளையோட வேன்லயே இருக்கச் சொன்னாங்க. பூமிக்கு அடியில ரெண்டு மாடி, வாகனம் நிப்பாட்டுற எடம். பாட்டு கேட்டுச்சு. ரெண்டு மணி நேரம் கழிச்சு அந்தச் செவப்புப் பெட்டியக் கொண்டாந்து குடுத்தாங்க. அதான்."

"மத்த நாளு?"

மற்ற நாட்களை எப்படிச் சொல்வது? யாரும் அடிக்கவில்லை. வயிறு நிறையச் சோறு. பிறந்தநாளுக்குச் சுரிதார். வீடு பதினான்காம் மாடியில். லிஃப்ட், காட் என்கிற அட்டையை வைத்தால்தான் அசையும். காட் இரண்டுதான், ஒன்று மேடத்தின் புருசன் சேரிடம், ஒன்று மேடத்திடம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், கடைக்குப் போய்வர ஒரு காட் கேட்டாள். மேடம் கோபிக்கவில்லை. உண்மையிலேயே புரியாமல், "உமக்கு ஏன்? நீர் எங்க போகப்போறீர்?" என்று கேட்டாள். எங்கே போவது என்று சுதர்ஷினிக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வி உள்ளேயே தங்கிவிட்டது. படிக்கட்டுக்கு ஒரு கதவு இருந்தது. அவசரத்துக்கு மட்டும், திறந்தால் மணி அடிக்கும் என்று மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது. தனக்கு இருப்பது அவசரந்தானா என்று மூன்று வருசமாக அவளால் முடிவு பண்ண முடியவில்லை.

நத்தார் இரவுகளில் அவர்கள் போன பிறகு பால்கனியில் நிற்பாள். கீழே கொழும்பு முழுக்க விளக்கு. வாவியைச் சுற்றி நீலம், கடல் பக்கம் மஞ்சள். பெட்டியில் இருந்த பெயர்களை அந்த வெளிச்சங்களுக்கு ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பாள். அது அந்த ஓட்டல், இது அந்தக் கடை. ஊருக்குப் போய்ச் சொல்ல ஏதாவது வேண்டுமே.

இதில் பாதியைத்தான் சொன்னாள். வாளி நிறைந்து வழிந்தது. சர்மிளா அதை நகர்த்தவில்லை.

"நீ பொய் சொல்ற."

"எப்ப? அப்பவா, இப்பவா?"

"இப்ப. நான் வந்துருவேன்னு பயந்து சொல்ற. ஒனக்குக் கொழும்பு, எனக்குக் கொழுந்துக் கூடையா?"

"சர்மி..."

"சரி, நெசமாவே பூட்டுனாங்கன்னு வெச்சுக்குவோம். இங்க மட்டும் என்னா, தொறந்தா கெடக்கு?"

சுதர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடுப்பளவு தேயிலை. அதற்குள் ஒரே ஒரு பாதை. அது தோட்ட ஆபீஸ் வாசலைத் தொட்டுத்தான் தார் ரோட்டுக்குப் போகும். இங்கே கதவையாவது நீயே திறக்கலாம் என்று சொல்ல நினைத்தாள். அதுவும் முழு உண்மையா என்று சந்தேகம் வந்தது. தங்கச்சியிடம் பொய் சொல்லி அலுத்துப்போயிருந்ததால் வழிந்த வாளியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். அது சர்மிளாவுக்குத் தோல்வியை ஒப்புக்கொண்டதுபோல் தெரிந்திருக்க வேண்டும். கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"சுதா, போன் அடிக்குது. மேடம்," என்று அம்மா உள்ளிருந்து கூப்பிட்டாள்.

அந்த லயத்தில் சிக்னல் ஜன்னல் கட்டையில் மட்டுந்தான் கிடைக்கும். போனை அங்கேயே வைத்து, சத்தத்தைத் திறந்துவிட்டுத்தான் எல்லோரும் பேசுவார்கள். அதனால் யாருடைய போன் பேச்சும் அங்கே இரகசியமில்லை. சுதர்ஷினி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பொத்தானைத் தொட்டாள். சர்மிளாவும் வந்து நின்றாள். வீரம்மா வெற்றிலை மடிப்பதை நிறுத்தினாள்.

"சுதா, எப்பிடி இருக்கிறீர்? சஞ்சு ஒரே உம்மைத்தான் கேக்கிறான்."

"நல்லா இருக்கேன் மேடம். பாபா சாப்பிட்டுச்சா?"

"எங்க சாப்பிடுறான்? நீர் வந்தாத்தான். அம்மா சொன்னவா, தங்கச்சிக்கும் வர விருப்பமெண்டு. எனக்குப் பெரிய நிம்மதி. பக்கத்தில நிக்கிறாவோ? ஒருக்காக் குடும், கதைப்பம். நத்தாருக்கு எல்லா இடமும் காட்டலாமெண்டு நானே சொல்றன்."

சர்மிளா கையை நீட்டினாள். குரல் இனிமையாக இருந்தது. எப்போதும் அப்படித்தான் இருக்கும். மூன்று வருசம் அந்த இனிமையை முன்னால் வைத்துக்கொண்டு சுதர்ஷினியால் எதையும் குறையாகச் சொல்ல முடிந்ததில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளும்."

"அவளுக்கு லிஃப்ட் காட் குடுப்பீங்களா?"

போனில் சிரிப்பு கேட்டது. அதிலும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

"இதென்ன புதுக் கதை? அவவுக்கு ஏன் காட்? அவ எங்க போகப்போறா?"

ஜன்னலுக்கு வெளியே யார் வீட்டுக் கோழியோ கொக்கரித்தது. வேலாயி மூத்த மகளையும் சின்ன மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மோவாயை அசைத்து, குடு என்று சைகை காட்டினாள். மேடம் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்ற பயம் அவள் முகத்தில் இருந்தது. அந்தப் பயம் சுதர்ஷினிக்கு நன்றாகத் தெரியும். அவளுடையதும் அதுதான்.

"சுதா? கேக்குதோ? தங்கச்சிட்டக் குடும்."

அவள் ஜன்னல் கட்டையிலிருந்து போனை எடுத்தாள். எடுத்தால் சிக்னல் போய்விடலாம் என்று தெரிந்தும், இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கமாக வைத்துக்கொண்டாள். சர்மிளாவின் கை இன்னும் நீண்டிருக்கிறதா, மடங்கிவிட்டதா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்லைங்க மேடம்," என்றாள், பால் காய்ச்சி வைத்துவிட்டேன் என்று சொல்லும் அதே குரலில். "அவகிட்ட குடுக்க மாட்டேன்."