எட்டுக் குடம் தண்ணீர்

வெயிலில் காய்ந்த தெருவில் ஒரு நீர்க்கோடு. வாசற்படியில் தொடங்கி, புழுதியை நனைத்து, மெல்ல மெல்ல நகர்ந்தது.

நவோமி கொட்டினாள். ஒரு குடம். இரண்டாவது குடம்.

உள்ளே தரையில் அக்கா சிப்போரா. விடிந்து ஒரு மணி நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது. ஜன்னலைத் திறந்தாயிற்று. கண்ணாடியைப் போர்வையால் மூடியாயிற்று.

சாவின் தூதனுக்கு உடம்பெல்லாம் கண்கள். வந்த வேலை முடிந்ததும் அந்த வீட்டுத் தண்ணீரில்தான் கத்தியைக் கழுவிவிட்டுப் போவானாம். கொச்சியிலிருந்து சென்னைக்கு வந்த யூதக் குடும்பம் அது. சட்டி பானையோடு இந்த நம்பிக்கையும் கூடவே வந்தது. சாவு விழுந்த வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கக்கூடாது.

தங்கக்கூடாதுதான். ஆனால் இது சித்திரை வெயில். அடுத்த தண்ணீர் லாரி திங்கட்கிழமை. இன்று வெள்ளி.

பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிய வேண்டும். சாய்ந்துவிட்டால் யூதர்களின் ஓய்வுநாள், மண்வெட்டியைத் தொட முடியாது. அதற்குமுன் அக்காவைக் கழுவ வேண்டும். மூன்று குடம், புதுத் தண்ணீர். எங்கே போவாள் அவள்?

மூன்றாவது குடம். நான்காவது.

நேற்றுச் சாயங்காலம் அக்கா கேட்டாள். "உடம்பெல்லாம் எரியுதுடி நவோமி. தலைக்கு ரெண்டு சொம்பு ஊத்தேன்."

"திங்கக்கிழமை லாரி வரட்டும்க்கா. பொறுத்துக்கோ."

பாவி, சொன்னாளே! வீட்டில் எட்டுக் குடம் இருந்தது. இரண்டு சொம்புக்கு மனசு வரவில்லை. இப்போது எட்டும் தெருவுக்கு.

"ஏம்மா, அறிவிருக்கா உனக்கு? ஒரு குடத்துக்கு நாயா பேயா அலையறோம், நீ தெருவுல கொட்டுறே?"

எதிர்வீட்டுக் கஸ்தூரி. இடுப்பில் கைக்குழந்தை. அவள் கோபத்தில் ஒரு தப்பும் இல்லை.

நவோமி வாய் திறக்கவில்லை. சாவை வாயால் சொல்லக்கூடாது, கொட்டிய தண்ணீர்தான் சொல்ல வேண்டும். அவர்கள் வழக்கம் அது. ஆனால் இந்தத் தெருவில் அது யாருக்குத் தெரியும்? எட்டாவது குடத்தையும் கவிழ்த்தாள்.

கஸ்தூரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். வெள்ளைத் துணி. தலைமாட்டில் விளக்கு.

"ஐயையோ, பெரியக்காவா?"

நவோமி தலையை மட்டும் அசைத்தாள். கஸ்தூரி குழந்தையோடு விறுவிறுவென்று போய்விட்டாள்.

பன்னிரண்டு மணி. ஒரு மணி. கேன் தண்ணீர்க்காரன் போனையே எடுக்கவில்லை. ஊரில் மிஞ்சியிருந்த இன்னொரு யூதப் பெண், எஸ்தர் ஆன்ட்டி, வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். உயிர் உடனே போய்விடாது, தலைமாட்டிலேயே நிற்கும், எல்லாம் கேட்கும் என்பார்கள். அதுதான் நவோமியைக் கொன்றது. அக்கா நின்றுகொண்டு பார்க்கிறாள். இன்றும் தண்ணீர் இல்லை.

இரண்டு மணிக்கு வாசலில் ஒரு பச்சைக் குடம். யார் வைத்தார்களோ. பிறகு ஒரு சிவப்புக் குடம். பிறகு கஸ்தூரியே, மூச்சு வாங்க, மூன்றாவதோடு.

"குழந்தைக்கு?" என்றாள் நவோமி.

"அதைப் பார்த்துக்கலாம். நீ போம்மா."

கழுவும்போது தாரை அறக்கூடாது. அறுந்தால் முதலிலிருந்து ஊற்ற வேண்டும். முதலிலிருந்து ஊற்றத் தண்ணீர் ஏது? ஒரு குடம் ஓயுமுன் அடுத்தது விழ வேண்டும்.

முதல் குடம் நவோமி. அது ஓயுமுன் எஸ்தர். கிழவியின் மணிக்கட்டு ஆடியது. தாரை மெலிந்தது. நூலானது.

"சீக்கிரம்டி!"

நவோமி மூன்றாவதைத் தூக்கிச் சரித்தாள். நூல் அறுவதற்குள் தண்ணீர் விழுந்தது. தலையிலிருந்து கால்வரை. எரிந்த உடம்பு முழுக்க.

கடைசியில் இறந்தவரிடம் பேர் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கு எபிரேய வாசகம் உண்டு. நவோமிக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

"சிப்போராக்கா, நேத்தே ஊத்தியிருக்கணும். மன்னிச்சுடுக்கா."

தண்ணீர் சுவர்த் துளை வழியே வெளியே போனது. வெயிலில் காய்ந்த தெருவில் மறுபடி ஒரு நீர்க்கோடு. தண்ணீர் தேடிக் காலிக் குடங்களோடு நின்ற தெருக்காரர்கள் அதை மிதிக்காமல் ஒதுங்கி வழிவிட்டார்கள்.