தொம்மனின் சாட்சி

"குனியுங்க அம்மச்சி, எல்லாரும் பார்க்கிறாங்க," என்று ரோசிலி அம்மாவின் காதோரம் கெஞ்சினாள். சவப்பெட்டிக்குள் ரோசிலியின் அப்பா, அவள் அப்பச்சன் என்று அழைக்கும் நாவலாசிரியர் குருவிளா, கையில் சிலுவையோடு கிடந்தார். வீட்டார் கடைசி முத்தம் கொடுத்ததும் முகத்தை மூடித் தேவாலயத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

முற்றத்தில் நின்றவர்களில் பாதிப் பேர் வாசகர்கள். அவர்கள் துக்கத்துக்கு மட்டும் வரவில்லை. அப்பச்சனின் பேர்போன நாவலில் கதை சொல்பவன் தொம்மன். 'நான் செத்தாலும் என் மனைவி முத்தமிட மாட்டாள், மகளும் என் ரத்தமில்லை' என்று அவன் புலம்புவான். எங்கள் கோட்டயம் அதை வேதவாக்காகவே எடுத்துக்கொண்டது. ரோசிலியைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவள் மூக்கையும் அப்பச்சன் மூக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் பலகாரத்தில் கைவைத்தார்கள்.

ஒருமுறை அவள் அழுதுகொண்டே அவரிடம் கேட்டாள். அப்பச்சன் சிரித்தார்.

"மோளே, தொம்மன் ஒரு புளுகன். கொளுத்துற கும்ப மாசத்துல ஆத்துல வெள்ளம் வந்துச்சுங்கிறான். அதைக்கூடக் கவனிக்காமப் படிச்சா நான் என்ன செய்ய?"

"முன்னுரையில ஒரு வரி எழுதியிருக்கலாமே?"

"எழுதினா அப்புறம் அது கதையா?"

கதை பிழைத்தது, மானம் போனது அம்மச்சிக்கு. அதற்காக அவரை ரோசிலியால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. இப்போது ஒரே ஒரு முத்தம் போதும், தொம்மனின் வாய் அடைபட்டுவிடும்.

"ஏலியாம்மச்சி, நேரமாச்சு," என்றார் பாதிரியார்.

அம்மச்சி கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். துணியை வாங்கி முகத்தை மூடினாள். அவ்வளவுதான்.

பின்னால் ஒருவர், "பார்த்தீங்களா சாரே, அப்படியே எழுதி வெச்சிருக்காரு மனுஷன்!" என்றார்.

காரில் ஏறியதும் ரோசிலி வெடித்தாள். "ஊர் வாயை மூட ஒரு முத்தம். அதுகூடவா முடியல?"

"எல்லாருக்கும் பங்கு வைக்க அது என்ன நேர்ச்சைச் சோறா?" அம்மச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில மூச்சு நின்னதும் குடுத்துட்டேன். நர்சு வர்றதுக்கு முன்னாடியே."

"யாரும் பார்க்கலையா?"

"நான்தான் சொல்றேனே."

ரோசிலி அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தொம்மன் சொன்ன மறுபாதியைப் பற்றிக் கேட்க இன்னொரு கேள்வி இருந்தது. அதைக் கேட்காமல், நகர்ந்து உட்கார்ந்து, அம்மச்சியின் தோளில் தலை சாய்த்துக்கொண்டாள்.